விடுதலைக்காகக் காத்திருந்த காதல்

பட்டாசு ஆலைக் கூலியில் சிறுகச் சேமித்து மகளுக்கு மணம் முடிக்கும் பெற்றோர், விருதுநகர், சிவகாசிப் பகுதியில் பலர். பேசி முடித்தபின் ஒருநாள் தாமதமும் அவர்களுக்குப் பெருங்கவலையாகிறது. இம்மாவட்டம் 1985-இல் பிரியுமுன் அடங்கியிருந்த பழைய இராமநாதபுரம் மாவட்டத்தின் மைந்தர் ஒருவரது காதலை அவர்களுக்கு நினைவூட்ட விரும்புகிறோம்.

அவர் சங்கரலிங்கம் ஜெகந்நாதன். வசதியான குடும்பத்தவர். 1930-இல் காந்தியடிகளின் அழைப்பை ஏற்றுக் கல்லூரியைத் துறந்தார். 1942 போராட்டத்தில் சிறை சென்றார். கிருஷ்ணம்மாளோ நிலமற்ற தலித் குடும்பத்தில் 1926-இல் பிறந்து, வறுமையோடு போராடிப் பல்கலைக்கழகப் படிப்பை எட்டியவர். காந்தியப் பணியே இருவரையும் சந்திக்க வைத்தது. சாதியும் செல்வமும் எழுப்பிய சுவர் அன்பின்முன் நிற்கவில்லை.

ஆயினும் அவர்கள் விரையவில்லை. சுதந்திர இந்தியாவில்தான் திருமணம் என உறுதி பூண்டனர். அவ்வுறுதியே அவர்களது நிச்சயதார்த்தம் எனலாம். 1947-இல் நாடு விடுதலை பெற்றது; 1950-இல் மணந்தனர்.

பின்னர் வினோபாவின் பூதான இயக்கத்தில் உழைத்தனர். 1968-இல் கீழ்வெண்மணியில் நடந்த கொடுமைக்குப்பின், கீழத்தஞ்சை உழவுத் தொழிலாளருக்கு நிலம் பெற்றுத்தரப் பாடுபட்டனர். அதற்கென 1981-இல் 'லாப்டி' அமைப்பையும் தொடங்கினர். 'மாற்று நோபல்' எனப்படும் விருது 2008-இல் இருவரையும் தேடி வந்தது. ஜெகந்நாதன் 2013-இல் மறையும்வரை அவ்வில்லறம் 60 ஆண்டுகளுக்கு மேல் நிலைத்தது.

பெற்றோரே, பரிசம் போடும் நாளில் சீர்வரிசைப் பட்டியலோடு நின்றுவிட வேண்டாம். "நீங்கள் இருவரும் சேர்ந்து எதற்காக வாழப்போகிறீர்கள்?" என்றும் பிள்ளைகளைக் கேளுங்கள்.