பால்வண்ணநாதர் திருக்கோயிலின் தலமரம்: களாவை அறிவோம்

மூர்த்தி, தலம், தீர்த்தம் ஆகிய மூன்றோடு தலமரமும் சேர்ந்தே ஒரு திருக்கோயிலின் பெருமை நிறைவு பெறுகிறது. சேவார்த்திகள் மூலவரைத் தரிசித்துத் திருச்சுற்றில் வலம் வருங்கால் தலமரத்தையும் வணங்கிச் செல்கின்றனர். எனினும், அதே மரத்தை ஊர்ப்புறத்தில் கண்டால் இன்னதென்று கூற இயலாதவர்களே இன்று பலர். அக்குறை நீங்கும் பொருட்டு இக்கட்டுரை வரையப்படுகிறது.

தென்காசி மாவட்டத்தில், சங்கரன்கோவிலிலிருந்து இராசபாளையம் செல்லும் சாலையில் கரிவலம்வந்தநல்லூர் அமைந்துள்ளது. யானை வலம் வந்து வழிபட்டமையால் இவ்வூர் இப்பெயர் பெற்றது என்பது தலவரலாறு. இங்கு அருள்மிகு பால்வண்ணநாதர், ஒப்பனையம்மையுடன் எழுந்தருளியுள்ளார். சங்கரன்கோவில் வட்டாரத்துப் பஞ்சபூதத் தலங்களுள் இது தீயின் தலமாகப் போற்றப்படுகிறது. அதிவீரராம பாண்டியர் இயற்றியனவாக வழங்கும் திருக்கருவை அந்தாதிகள் மூன்றும் இத்தலத்து இறைவனைப் பற்றியனவே. இத்தகு சிறப்புடைய பெருமானுக்கு நிழல் தந்த மரம், உயர்ந்தோங்கிய ஆலோ அரசோ அன்று. முள்ளடர்ந்த எளிய களாவே ஆகும்.

களாவின் அடையாளங்கள்

களா, அரளியின் குடும்பத்தைச் சேர்ந்தது. தாவர நூலார் பெருங்களாவைக் கரிசா கரண்டாஸ் என்றும், சிறுகளாவைக் கரிசா ஸ்பைனாரம் என்றும் குறிப்பர். பேச்சு வழக்கில் இது கிளா என்றும் வழங்கும். பெரும்பாலும் புதராகவே காணப்படும். வெட்டுப்படாமல் காக்கப்பட்டால் 10 முதல் 15 அடி வரை உயர்ந்து சிறு மரமாக நிற்கும்.

இதனை அறிந்துகொள்ள நான்கு அடையாளங்கள் போதுமானவை.

முதலாவது, பால். ஓர் இலையைக் கிள்ளினால் வெண்ணிறப் பால் துளிர்க்கும். பால்வண்ணநாதரின் தலமரம் பாலுள்ள மரமாக அமைந்திருப்பது அன்பர்கள் எண்ணி மகிழத்தக்கது.

இரண்டாவது, இலை. நீள்வட்டமாகவும் தடிப்பாகவும் இருக்கும். மேற்புறம் கரும்பச்சையாய் மினுங்கும். கீழ்ப்புறம் சற்று வெளிறியிருக்கும். இலைகள் எதிரெதிராக இரண்டிரண்டாய் அமைந்திருக்கும்.

மூன்றாவது, முள். நேராகவும் உறுதியாகவும் ஓரங்குலம் அல்லது அதற்கு மேலும் நீண்டிருக்கும். சில முட்கள் நுனியில் இரண்டாகக் கவைபட்டிருக்கும்.

நான்காவது, பூவும் பழமும். பூ வெண்மையாய், ஐந்து இதழ்களுடன், மல்லிகையை ஒத்த வடிவும் நறுமணமும் உடையது. காய் கொத்தாகக் காய்க்கும். முதலில் வெண்மை கலந்த இளஞ்சிவப்பாய் இருந்து, பின் சிவந்து, நன்கு பழுத்தபின் கருநிறம் பெறும். சிறுகளாவின் இலையும் பழமும் அளவில் சிறியவை.

மயக்கம் தரும் பிற முட்செடிகள்

கரிசல் ஓரங்களிலும் குன்றின் அடிவாரங்களிலும் களாவுடன் வேறு பல முட்செடிகளும் கலந்து வளர்கின்றன. காரைச்செடிக்கும் எதிரெதிர் இலைகளும் நேரான முட்களும் உண்டு; ஆயின் பால் இல்லை, பழம் மஞ்சள் நிறமானது. சூரையின் பழம் கறுப்பாயினும் முள் கொக்கிபோல் வளைந்திருக்கும். இலைகள் ஒன்றுவிட்டு ஒன்றாக அமைந்திருக்கும். இசங்கு எனப்படும் சங்கஞ்செடிக்குக் கணுவுக்கு நான்கு முட்கள். அதன் பழம் வெண்மையானது. இவற்றுள் எதனைக் கிள்ளினும் பால் வாராது.

பால் உண்டு என்பதனால் மட்டும் களா என்று முடிவு செய்தலும் ஆகாது. அரளியிலும் மஞ்சள் அரளியிலும் பால் உண்டு, முள் இல்லை. இவ்விரண்டும் உயிருக்கே கேடு செய்யும் நஞ்சுடையவை. கள்ளி வகைகளுள் பாலும் முள்ளும் ஒருங்கே உடையன உண்டு. அவற்றின் தண்டு சதைப்பற்று மிக்கது, பாலோ கண்ணில் பட்டால் பெருந்துன்பம் தரும். ஆதலின் பால், எதிரிலை, முள், பழம் ஆகிய நான்கும் ஒத்திருந்தாலன்றிச் சிறுவர்கள் எப்பழத்தையும் வாயிலிடாதவாறு பெற்றோர் காத்தல் வேண்டும்.

மரத்தின் பயன்கள்

களாவின் அடிமரம் பருப்பதில்லை. எனவே கதவு, நிலை, தூண், வண்டிச்சக்கரம் ஆகியவற்றிற்கு இது உதவாது. அவற்றிற்கு வேம்பு, வேங்கை, கருவேல் போன்றவை உள்ளன. களாவின் சிறப்பு வேறு. இதன் கட்டை கடினமானது. இழை நெருக்கமும் வழவழப்பும் உடையது. இழை நெருங்கிய மரத்தில்தான் மெல்லிய பற்களை அறுத்தாலும் அவை பிளவுபடாமல் நிற்கும். ஆதலால் சீப்புச் செய்வதற்கு இது ஏற்றது. அகப்பை, கரண்டி, கைப்பிடி, கடைசல் வேலைக்குரிய சிறு பொருள்கள் ஆகியனவும் இதில் செய்யப்பட்டன. பச்சைக் கட்டையை வெயிலிலிட்டால் விரைந்து உலர்ந்து வெடிக்கும். நிழலில் மெல்ல உலர்த்திய பின்னரே இழைத்தல் வேண்டும். வெட்டுவோர் கையில் எண்ணெய் தடவிக்கொள்வது நலம். இல்லையேல் பால் பிசினாக ஒட்டிக்கொள்ளும்.

பச்சைக்காய் ஊறுகாய்க்கும் பழம் உண்பதற்கும் உரியன. பழப்பாகு தானே இறுகும் இயல்புடையதாதலின் பழக்கூழ் செய்யவும் ஏற்றது. உயிருள்ள களாவின் பெரும்பயன் வேலியாக நிற்பதே. ஆடும் மாடும் புகாத வேலியாகி, பூவில் தேனீக்கும், பழத்தில் பறவைக்கும், தூரில் சிற்றுயிர்களுக்கும் இடமளிக்கிறது. திருக்கோயில் வளாகத்துத் தலமரம் வழிபாட்டுக்குரியது. அதன் கிளையை ஒடித்தலும் அதில் ஆணி அடித்தலும் தகாது.

அறியாமையால் நேரும் இழப்பு

இத்தலத்தோடு தொடர்புடைய நிகழ்ச்சியொன்றை இங்கு நினைவுகூர்தல் தகும். பாண்டியர் வழிவந்த பழஞ்சுவடிகள் இத்திருக்கோயிலில் இருந்ததாகக் கேள்வியுற்று, டாக்டர் உ.வே. சாமிநாதையர் அவற்றைத் தேடி இவ்வூருக்கு வந்தார். சிதைந்த அச்சுவடிகள் ஆகம விதி என்று கருதி நெய்யில் தோய்த்து வேள்வித் தீயில் இடப்பட்டன என்று அறிந்து அவர் உள்ளம் நொந்தார். இதனை ‘என் சரித்திரம்’ நூலில் அவரே பதிவு செய்துள்ளார். தீயிலிட்டவர்களிடம் தீய எண்ணம் இல்லை. இன்னது இது என்ற அறிவு இல்லாமையே அவ்விழப்புக்குக் காரணமாயிற்று.

அவ்வாறே இன்று களாவும் அறியப்படாமல் அழிகிறது. அயல்நாட்டிலிருந்து வந்த சீமைக்கருவேலம் நம் புன்செய்களிலும் கண்மாய்களிலும் பரவி, பிற செடிகளின் இடத்தைப் பற்றிக்கொண்டது. 2017ஆம் ஆண்டு உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் ஆணையைத் தொடர்ந்து அதனை அகற்றும் பணி தென் மாவட்டங்களில் பெருமளவில் நடைபெற்றது. அயல் களைத் தாவரங்களை அகற்றுவதற்கான கொள்கையைத் தமிழக அரசு 2022ஆம் ஆண்டு வெளியிட்டது. இது நற்பணியே. ஆனால் முள் உள்ளதெல்லாம் ஒன்றெனக் கருதி இயந்திரத்தை ஓட்டினால், சீமைக்கருவேலத்தோடு களாவும் காரையும் வேரோடு போய்விடும். சீமைக்கருவேலத்தின் இலை புளியிலைபோல் சிறு சிற்றிலைகளாகப் பிரிந்திருக்கும், காய் நெற்றாகத் தொங்கும், பால் இராது. ஓர் இலையைக் கிள்ளிப் பார்க்கும் பொறுமை இருந்தால் ஒரு நன்மரம் பிழைக்கும்.

வளர்க்கும் முறை

நன்கு பழுத்த பழத்தின் விதையைக் கழுவி, நாட்கடத்தாமல் விதைத்தல் வேண்டும். பழைய விதை முளைப்பது அரிது. பதியன் இட்டும் வளர்க்கலாம். வேலிக்காயின் இரண்டு முதல் மூன்றடிக்கு ஒன்றாக, மழைக்காலத் தொடக்கத்தில் நடுதல் நலம். முதலாண்டு தண்ணீர் விட்டுக் காத்தால், பின்னர் வறட்சியையும் கல்நிலத்தையும் அது தாங்கிக்கொள்ளும். நீர் தேங்கும் இடம் மட்டும் ஆகாது.

ஆவணித் தவசுக்கு இத்தலம் வரும் அன்பர்கள், தரிசனம் முடித்து வலம் வருங்கால் தலமரத்தின் அருகே சற்று நின்று, உடன்வந்த பிள்ளைகளுக்கு அதன் இலையையும் முள்ளையும் தொடாமற் காட்டி, பெயரைச் சொல்லித் தருவார்களாக. ஊர் திரும்பியபின் தத்தம் நிலத்து ஓரத்தில் ஒரு களாவேனும் நட்டுக் காப்பதும் அப்பெருமானுக்குச் செய்யும் திருத்தொண்டே ஆகும்.