சேர்வராயன் மலையும் ராக் இசைக்காணொளியும்: ஒளிப்பதிவு, ஒளியமைப்பு, படத்தொகுப்பு வழிக் கதைகூறல்

ஆய்வுச் சுருக்கம்

ராக் இசைக்காணொளி பாட்டின் சொற்களைப் படமாக வரைந்து காட்டும் வடிவம் அன்று. செவி அறிவதற்கும் கண் அறிவதற்கும் இடையே ஓர் இடைவெளியை உண்டாக்கி, அவ்விடைவெளியில் கதை சொல்லும் வடிவம் அது. சேர்வராயன் மலையடியில் இயங்கிய மாடர்ன் தியேட்டர்ஸ் தயாரித்த 'மந்திரி குமாரி'யின் மலைப்பாடலையும், மேலைநாட்டு ராக் இசைக்காணொளிகள் சிலவற்றையும், மலையுச்சியிலுள்ள சேர்வராயன் கோயிலின் ஒளிச்சூழலையும் கொண்டு இக்கட்டுரை அதனை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: இசைக்காணொளி, ராக் இசை, ஒளியமைப்பு, படத்தொகுப்பு, சேர்வராயன் கோயில், மாடர்ன் தியேட்டர்ஸ், குறிஞ்சி.

முன்னுரை

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்குச் செல்லும் சாலையில், மலை தொடங்கும் முன்பே, மாடர்ன் தியேட்டர்ஸ் படப்பிடிப்பு நிலையத்தின் நுழைவு வளைவு நிற்கிறது. டி. ஆர். சுந்தரம் நிறுவிய அந்நிலையம் 1937இல் வெளிவந்த 'சதி அகலிகை' தொடங்கி நூற்றுக்கும் மேற்பட்ட படங்களைத் தயாரித்தது. அவ்வழியே கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி, ஏற்காட்டு ஊரையும் ஏரியையும் கடந்து மேலும் சென்றால், கடல்மட்டத்திலிருந்து 1,623 மீட்டர் உயரத்தில், திறந்த மேட்டுநிலத்தில் சேர்வராயன் கோயில் அமைந்துள்ளது. பாறைக் குகையே அங்குக் கருவறை. சேர்வராயனும் காவேரியம்மனும் அக்குகையில் வழிபடப்படுகின்றனர். மலைவாழ் மலையாளி மக்களின் தெய்வமான சேர்வராயனுக்கு மே மாதத்தில் திருவிழா நடைபெறுகிறது.

ராக் இசைக்காணொளியைப் பற்றிய கட்டுரை இவ்விடத்திலிருந்து தொடங்குவதற்குக் காரணம் உண்டு. முன்பே பதிவுசெய்த பாட்டுக்குப் பின்னர் படம் பிடிக்கும் கலை, 'இசைக்காணொளி' என்ற பெயர் தோன்றுவதற்குப் பல்லாண்டுகளுக்கு முன்னரே மலையடியில் அன்றாடத் தொழிலாக இருந்தது. மலையுச்சியிலோ, இருண்ட குகையும் மறைப்பில்லாத வானமும் சில அடிகள் இடைவெளியில் அமைந்திருப்பதால், ஒளியும் நிலமும் ஒளிப்பதிவாளர்முன் வைக்கும் வினாக்கள் வெளிப்படையாகத் தெரிகின்றன.

தொல்காப்பியம் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்கிறது. ஒளிப்பதிவு நிலத்தைச் சட்டகத்துள் தேர்கிறது. ஒளியமைப்பு பொழுதைப் படைக்கிறது. படத்தொகுப்பு அவற்றுள் நிகழும் உரிப்பொருளை வரிசைப்படுத்துகிறது. இவ்வொப்புமையை அளவுக்கு மீறி நீட்ட வேண்டியதில்லை. எனினும், நிலமும் பொழுதும் பேசத் தொடங்கியபின் பாத்திரம் வாய்திறவாமலே பொருள் உணரப்படும் என்பதைத் தமிழ் வாசகர் அகப்பாடல்கள் வழி முன்பே அறிந்தவர்.

ஒலி முன்னே, படம் பின்னே

திரைப்படக் காட்சியில் நடிப்பு முதலில் நிகழ்கிறது. இசை பின்னர் வந்து சேர்கிறது. இசைக்காணொளியில் இம்முறை தலைகீழாகிறது. பாட்டின் நீளம், தாளம், ஏற்ற இறக்கம் யாவும் படப்பிடிப்புக்கு முன்பே முடிவாகிவிடுகின்றன. படப்பிடிப்புத் தளத்தில் ஒலிபெருக்கியில் பாட்டு ஒலிக்க, கலைஞர் அதற்கேற்ப உதடசைக்கிறார். ஆகவே இயக்குநரால் காலத்தை நீட்டவோ குறைக்கவோ இயலாது. அக்காலத்துள் கண் எதைக் காணவேண்டும் என்பதை மட்டுமே அவர் தீர்மானிக்கிறார்.

இக்கட்டுப்பாட்டிலிருந்தே சில உத்திகள் பிறந்தன. பாடகரின் உடலசைவு மெதுவாகவும் உதட்டசைவு பாட்டோடு பொருந்தியும் இருக்கவேண்டுமானால், தளத்தில் பாட்டை இருமடங்கு வேகத்தில் ஒலிக்கவிட்டு, வினாடிக்கு 48 சட்டகங்களாகப் படம் பிடிக்கின்றனர். அதனை 24 சட்டக வேகத்தில் திரையிடும்போது உதடு சரியாகப் பாடுகிறது; தலைமுடியும் ஆடையும் மட்டும் நீரினுள் அசைவனபோல் மிதக்கின்றன. கோல்ட்பிளே குழுவின் 'தி சயன்டிஸ்ட்' காணொளி இன்னும் ஒரு படி சென்றது. ஜேமி த்ரேவ்ஸ் இயக்கிய அதில் கதை பின்னோக்கி ஓடுகிறது. பாடகரின் வாய் மட்டும் முன்னோக்கிப் பாடுகிறது. அதற்காகக் கிறிஸ் மார்ட்டின் பாடல் முழுவதையும் தலைகீழாகப் பாடப் பயின்றார். நேர்ந்துவிட்ட விபத்தைத் திரும்பப் பெற முடியாமை என்னும் பொருள், கதைமாந்தர் எவரும் சொல்லாமலே, படம் ஓடும் திசையால் மட்டும் உணர்த்தப்படுகிறது.

குறிஞ்சி நிலத்தில் ஒரு கொலைத்திட்டம்

செவிக்கும் கண்ணுக்கும் இடையிலான இடைவெளியைத் தமிழில் ஆராய்வோர் 'மந்திரி குமாரி'யை (1950) விட்டுவிட இயலாது. எல்லிஸ் ஆர். டங்கனும் டி. ஆர். சுந்தரமும் இயக்கிய இப்படத்துக்கு மு. கருணாநிதி திரைக்கதையும் உரையாடலும் எழுதினார். கதையின் வேர் குண்டலகேசியில் உள்ளது. தான் காப்பாற்றி மணந்த கள்வனே தன்னைக் கொல்ல மலையுச்சிக்கு அழைத்துச் செல்ல, அவனை வலம்வரும் பாவனையில் பின்னின்று தள்ளிவிடும் பெண்ணின் கதை அது.

படத்தில் இம்மலையேற்றம் 'வாராய் நீ வாராய்' எனத் தொடங்கும் பாடலாக அமைந்தது. ஜி. ராமநாதன் இசையில் திருச்சி லோகநாதனும் ஜிக்கியும் பாடியது. பாட்டை மட்டும் கேட்பவருக்கு அது இனிய காதல் இணைப்பாடல். மலையும் அவ்வாறே எண்ணச் செய்கிறது. குறிஞ்சியின் உரிப்பொருள் புணர்தல் அல்லவா? ஆனால் கணவனின் உள்ளத்தை முன்பே அறிந்த பார்வையாளருக்கு ஒவ்வோர் அடியும் பள்ளத்தை நோக்கிய அடியாகிறது. அழைப்பின் இனிமை கூடக் கூட அச்சமும் கூடுகிறது. மெட்டு இதனைச் சொல்லவில்லை. மெட்டுக்கு எதிராக நிற்கும் உயரம் சொல்கிறது. மலைச்சரிவில் ஏறும் இருவரைத் தொலைவிலிருந்து காட்டும்போது நிலம் அவர்களைச் சிறியவர்களாக்குகிறது. அண்மையில் காட்டும்போது முகம் தன் எண்ணத்தை மறைக்க முயல்கிறது. ஒரே பாட்டுக்குள் இவ்விரு தொலைவுகளும் மாறி மாறி வருவதே அக்காட்சியின் நாடகம். மேலைநாட்டு ராக் இசைக்காணொளிகளின் முன்னோடிகளாக 1960களின் படைப்புகளைச் சுட்டுவது வழக்கம். பாட்டுக்கும் படத்துக்கும் இடையே முரண் அமைத்துக் கதை சொல்வதைப் பொறுத்தவரை அக்கால வரையறை போதுமானதன்று.

இருளிலிருந்து வரும் முகங்கள்

ராக் இசைக்காணொளியின் ஒளியமைப்புக்குப் பெரிதும் எடுத்துக்காட்டப்படுவது குவீன் குழுவின் 'பொஹீமியன் ராப்சடி' (1975). புரூஸ் கவர்ஸ் இயக்கிய அக்காணொளியின் தொடக்கத்தில் கரிய வெளியில் நான்கு முகங்கள் மட்டும் தெரிகின்றன. ஒளி மேலிருந்து விழுவதால் நெற்றியும் கன்ன எலும்பும் துலங்க, கண்குழிகள் நிழலில் ஆழ்கின்றன. இவ்வமைப்புக் குழுவின் இரண்டாம் இசைத்தட்டு உறைக்கு மிக் ராக் எடுத்த ஒளிப்படத்திலிருந்து வந்தது. அவ்வொளிப்படத்துக்கோ, 1932ஆம் ஆண்டின் 'ஷாங்காய் எக்ஸ்பிரஸ்' காலத்து மார்லின் டீட்ரிக்கின் உருவப்படமே தூண்டுதல். திரைப்பட நடிகைக்கென அமைத்த ஒளி நாற்பது ஆண்டுகள் கழித்து ராக் இசைக்குழு ஒன்றின் முகமாயிற்று. உடல் இல்லை, இடம் இல்லை, பின்புலம் இல்லை. குற்றமும் தண்டனையும் பேசும் பாடலுக்கு அந்த இருளே வழக்காடு மன்றமாகிறது.

சேர்வராயன் குகையில் இவ்வொளி இயற்கையாகவே வாய்க்கிறது. நண்பகலில் மேட்டுநிலத்தின் வெளிச்சத்துக்கும் குகையின் உட்புற இருளுக்கும் உள்ள வேறுபாட்டை எந்தப் படக்கருவியும் ஒரே அளவீட்டில் தாங்காது. வெளியைச் சரியாகப் பதிந்தால் குகைவாய் முழுக் கருமையாகும். அகல்விளக்கின் சுடரைச் சரியாகப் பதிந்தால் வெளி வெறும் வெண்மையாக வெளிறிவிடும். இதனைக் குறையாகக் கருதுவோர் செயற்கை விளக்குகளைக் கொண்டுவந்து இரண்டையும் சமன்செய்வர். கதைசொல்லத் தெரிந்த ஒளிப்பதிவாளர் எதை இழப்பது என்று தேர்வார். குகைவாயைக் கருமையாக விட்டு அதற்குள் ஒருவர் நுழைந்தால் அவர் மறைகிறார். உள்ளிருந்து நோக்கி வெளியை வெண்மையாக்கினால், வெளியேறுபவர் ஒளியில் கரைகிறார். இடமும் ஆளும் செயலும் மாறவில்லை. ஒளியளவை மாற்றியதால் கதையின் பொருள் மாறிவிடுகிறது.

மேட்டுநிலத்தில் மூடுபனி இறங்கும்போது நிலைமை வேறு. பனி நிழலை அழிக்கிறது, தொலைவை அழிக்கிறது, பின்புலத்தை அரங்கின் திரைபோல் மூடுகிறது. சாமுவேல் பேயர் இயக்கிய நிர்வாணா குழுவின் 'ஸ்மெல்ஸ் லைக் டீன் ஸ்பிரிட்' (1991) காணொளியில், பள்ளி உடற்பயிற்சிக்கூடம்போல் அமைத்த அரங்கில் புகை நிரப்பி, மஞ்சள் தோய்ந்த ஒளியைப் பாய்ச்சிப் பெற்ற விளைவும் இத்தகையதே. புகை ஒளிக்கதிருக்கு உருவம் தருகிறது. மாணவர் கூட்டத்தைத் தனித்தனி முகங்களாக அன்றி ஒரே திரளாகக் காட்டுகிறது. இறுதியில் அத்திரள் இருக்கையை விட்டிறங்கிக் கூடத்தையே கலைக்கும்போது அது வியப்பளிக்காதிருப்பதற்கு அப்புகையும் ஒரு காரணம். அக்காணொளியின் இறுதித் தொகுப்பில் பாடகர் கர்ட் கோபேன் தலையிட்டு, தம் முகத்தின் அண்மைக் காட்சியை முடிவுக்கருகில் சேர்க்கச் செய்தார். அதுவரை மயிருக்கும் புகைக்கும் பின்னே மறைந்திருந்த முகம் அங்குத்தான் பார்வையாளரை நேரே நோக்குகிறது.

வெட்டும் தாளமும்

படத்தொகுப்பின் கணக்கு எளிது. நிமிடத்துக்கு 120 அடிகள் கொண்ட பாட்டில் ஒவ்வொரு தாள அடியும் அரை வினாடி. 24 சட்டக வேகத்தில் அது 12 சட்டகங்கள். ஒவ்வோர் அடியிலும் காட்சியை வெட்டுவது தொடக்க நிலைப் பயிற்சி. அதனையே பாட்டு முழுவதும் செய்தால் கண் அடுத்த வெட்டை முன்கூட்டியே எதிர்பார்த்துச் சலிப்படைகிறது. மிருதங்கக் கலைஞர் தனி ஆவர்த்தனத்தில் அடியை ஒளித்துவைத்துப் பின் சமத்தில் வந்து சேர்வதுபோல, தேர்ந்த தொகுப்பாளர் தாளத்தை மறுத்து நிற்கும் இடங்களையும் வைத்திருப்பார். வெட்டாமல் நீளும் ஒரு காட்சி, வேகமான பாட்டில் பெரும் அழுத்தம் பெறுகிறது.

இதற்கு மெட்டாலிகா குழுவின் 'ஒன்' (1989) தக்க சான்று. பில் போப்பும் மைக்கேல் சாலமனும் இயக்கிய இக்காணொளியில் இரு இழைகள் உள்ளன. ஒன்று, கிடங்கு ஒன்றில் குழுவினர் இசைக்கும் கறுப்பு வெள்ளைக் காட்சி. மற்றொன்று, டால்டன் டிரம்போ தம் நாவலைத் தாமே 1971இல் படமாக்கிய 'ஜானி காட் ஹிஸ் கன்' படத்தின் பகுதிகள். முதல் உலகப்போரில் கைகால்களையும் பார்வை, செவி, பேச்சு ஆகியவற்றையும் இழந்து மருத்துவமனைக் கட்டிலில் கிடக்கும் வீரன் அப்படத்தின் நாயகன். தன் தலையைத் தலையணையில் மோதி, மோர்ஸ் குறியீட்டில் அவன் பேச முயல்கிறான்.

பாட்டு மென்மையான கிதார் ஒலியில் தொடங்குகிறது. பிற்பகுதியில் டிரம்ஸ் இயந்திரத் துப்பாக்கிபோல் வெடிக்கிறது. தொகுப்பு அவ்வொலியோடு வீரனின் தலையசைவை அருகருகே வைக்கிறது. அசையவே முடியாத உடலுக்கு அசைவே உருவான இசை குரலாகிறது. இசைக்கும் விரல்களைக் காட்டியவுடன் விரலற்றவனைக் காட்டுவது கொடிய இணைப்பு. ஆனால் அதுதான் கதை. மேலும், படத்தின் உரையாடல் பாட்டின்மேலேயே ஒலிக்கிறது. இசையை விற்பதற்கென எடுக்கப்படும் ஒரு காணொளி இசையைப் பேச்சால் மறைக்கத் துணிவது அரிது. அத்துணிவின்றி அப்பாடல் போரைப் பற்றிய மற்றுமொரு முழக்கமாகவே எஞ்சியிருக்கும்.

தமிழில் நிலமும் உடையும்

ராக் கிதாரைக் கானாவோடும் ராப்போடும் இணைத்த 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழு 2018 ஜனவரியில் சென்னையில் மேடையேறியபோது, கலைஞர்கள் ஒரே வகையான கோட்டும் சூட்டும் அணிந்திருந்தனர். செவி கேட்டது வடசென்னைக் கானாவை. கண் கண்டது அம்பேத்கரை நினைவூட்டும் உடையை. ஒளிப்பதிவு அங்குப் பெரிதாக எதுவும் செய்ய வேண்டியிருக்கவில்லை. வரிசையாக நிற்பவர்களை நேர்நின்று, முழு உருவமாகக் காட்டினாலே போதுமாயிற்று.

மலையைப் பொறுத்தவரை, 2015இல் சோபியா அஷ்ரப் பாடி, ரதீந்திரன் பிரசாத் இயக்கிய 'கொடைக்கானல் வோன்ட்' குறிப்பிடத்தக்கது. அது ராக் அன்று, ராப். எனினும் கோடைவாசத்தலம் என்று தமிழ்த் திரைப்பாடல்கள் பழக்கிவைத்திருந்த மலையைப் பாதரச நஞ்சின் களமாகப் பார்க்கச் செய்தது. பார்வையாளர் மனத்தில் முன்பே இருந்த தேனிலவுப் படிமமே அதற்கு எதிர்ச்சட்டகமாக உதவியது. சேர்வராயன் மலைக்கும் இத்தகைய இரண்டாம் முகம் உண்டு. காப்பித் தோட்டங்களும் ஏரியும் அறியப்பட்ட அளவுக்கு, அதன் உச்சிகளில் நடந்த பாக்சைட் வெட்டுக்குழிகள் திரையில் அறியப்படவில்லை. வானிலிருந்து எடுக்கும் டிரோன் காட்சி பச்சைப் போர்வையை மட்டும் காட்டி அவற்றைக் கடந்துவிடும். தரைமட்டத்தில், ஆள் நிற்கும் உயரத்தில் கருவியை வைத்தால் செம்மண் வெட்டுமுகம் வானத்தை மறைத்து எழும். எவ்வளவு உயரத்திலிருந்து நோக்குவது என்ற தொழில்நுட்ப முடிவு, யார் பக்கம் நின்று நோக்குவது என்ற முடிவும் ஆகும்.

கருவறையைப் படம் பிடிப்பதில்லை என்பது தமிழகக் கோயில்களின் பொது மரபு. சேர்வராயன் கோயிலில் இசைக்காணொளி எடுக்க முனைவோர் இதனைத் தடையாகக் காணத் தேவையில்லை. கருவி வெளியே, மேட்டுநிலத்தின் காற்றில் நிற்கலாம். சட்டகத்தின் நடுவே கரிய குகைவாய் வெட்டின்றி நீளலாம். உள்ளே அடிக்கும் மணியோசை கிதாரின் அடுத்த அடிக்கு முன்னதாக வெளிவரலாம். உள்ளே நிகழ்வது செவிக்கு மட்டும் தெரிய, குனிந்து நுழைந்தவர் திரும்பி வரும்வரை கண் வாயிலிலேயே காத்திருக்கும்.