கொல்லன் கடனும் வேந்தன் கடனும்: புறநானூற்றில் போர்க்காலத் திரட்டு

புறநானூற்றின் 312ஆம் பாடல் மறக்குடித் தாயின் வீரத்துக்குச் சான்றாகவே பெரும்பாலும் எடுத்துக்காட்டப்படுகிறது. மூதின்முல்லைத் துறையில் அமைந்த அப்பாடலில் பொன்முடியார் ஐந்து கடன்களைக் கூறுகிறார். தாயின் கடன் அவற்றுள் ஒன்றே. பெற்று வளர்ப்பது தாய்க்கும், சான்றோனாக ஆக்குவது தந்தைக்கும், வேல் செய்து தருவது கொல்லனுக்கும் உரியன. அதன்பின் வேந்தனின் கடன் வருகிறது. களிற்றை வீழ்த்தி மீள்வது காளையின் கடனாக இறுதியில் நிற்கிறது. வீடு, உலைக்கூடம், அரசு, களம் ஆகியன ஒரே தொடரில் கோக்கப்பட்டிருத்தலின், இதனைப் போர்க்காலத் திரட்டின் வரைவாகக் கொள்வது பொருந்தும். கொல்லன் வேந்தனுக்கு முன் வைக்கப்பட்டிருப்பதும் நோக்கத்தக்கது.

கொல்லனின் பணி ஒருமுறை வேல் வடித்துக் கொடுப்பதோடு முடிவதன்று. இதனை 95ஆம் பாடல் காட்டுகிறது. தொண்டைமானின் படைக்கலங்கள் பீலி அணிந்து நெய் பூசப்பட்டுக் காவல்மனையில் இருக்க, அதியமானின் வேல்கள் நுனி சிதைந்து கொல்லனது சிறிய கொட்டிலில் கிடக்கின்றன என்கிறார் ஔவையார். பழிப்பதுபோலப் புகழும் நயம் பலரும் விளக்கியதே. அதன் அடியில் ஒரு நடைமுறைச் செய்தி உள்ளது: ஒரு போருக்கும் அடுத்த போருக்கும் இடையே படைக்கலம் உலைக்குத் திரும்பியாக வேண்டும். நொய்யற்கரைக் கொடுமணல் அகழாய்வில் வெளிப்பட்ட இரும்பு உலை எச்சங்கள் அக்காலத் தமிழகத்தில் இத்தொழில் வேரூன்றியிருந்தமைக்குச் சான்று. அவற்றை அதியமானின் கொட்டிலோடு நேரே இணைத்தல் கூடாது.

வேந்தனின் கடனிலேதான் பாடவேறுபாடு குறுக்கிடுகிறது. ‘நன்னடை’ எனக் கொண்டால் வீரனுக்கு நல்லொழுக்கம் அளிப்பது வேந்தன் கடனாகும். ‘தண்ணடை’ எனக் கொண்டால் மருதநிலம் வழங்குவது அவன் கடனாகும். 287, 297ஆம் பாடல்களில் தண்ணடை வீரர் பெறும் கொடையாகவே சுட்டப்படுதலின் பின்னைய பாடம் வலுப்பெறுகிறது. அவ்வாறாயின், குடிகள் தருவனவற்றுக்கு ஈடாக அரசு பொருள்வழிக் கடப்பாடு பூண்டிருந்தது என்பது பெறப்படும். முன்னைய பாடத்தில் அக்கடப்பாடு மறைந்துவிடுகிறது.

குடிகள் தந்ததன் அளவை 279ஆம் பாடல் உணர்த்துகிறது. உறவினர் இருவரை அடுத்தடுத்த போர்களில் இழந்தவள், மீண்டும் போர்ப்பறை கேட்டதும் தன் ஒரே மகனின் கையில் வேல் கொடுத்து அனுப்புகிறாள். பறையொலியே அங்கு அழைப்பாணை. ஒக்கூர் மாசாத்தியார் அவள் துணிவை வியக்கிறார். அத்துணிவு அச்சம் தருவது என்றும் உணர்கிறார்.

வேந்தன் தன் கடனில் தவறிய நிலையை 44ஆம் பாடலிற் காணலாம். நலங்கிள்ளி முற்றியிருக்க, ஆவூர்க் கோட்டையை அடைத்துக்கொண்டு உள்ளே இருக்கிறான் நெடுங்கிள்ளி. பாலின்றிக் குழந்தைகள் அழுகின்றன, மகளிர் பூவற்ற கூந்தலை முடிக்கின்றனர், வீடுகளில் நீரில்லை. யானைகளும் உணவின்றி வருந்துகின்றன. அறத்தை மேற்கொண்டால் கோட்டையைக் கொடுத்துக் கதவைத் திற, மறத்தை மேற்கொண்டால் போரிடத் திற என்கிறார் கோவூர் கிழார். இரண்டும் செய்யாது உள்ளே ஒடுங்கியிருப்பது நாணத்தக்கது என்பது அவர் தீர்ப்பு. அத்தீர்ப்பு நெடுங்கிள்ளி ஒருவனையே சாருகிறது.