ஸ்நான அறையில் நெருப்பு

சில ஆண்டுகளுக்கு முன், ஒரு தீபாவளியின் விடியற்காலையில், கோயமுத்தூரில் என் தங்கையின் வீட்டில் எல்லோரும் எண்ணெய் ஸ்நானத்தில் முனைந்திருந்தார்கள். ஸ்நான அறைச் சுவரில் மாட்டியிருந்த காஸ் கீஸர் ஓய்வின்றி வெந்நீரைக் கொட்டிக் கொண்டிருந்தது. மூவர் குளித்து வந்தாயிற்று. நான்காவதாக உள்ளே சென்றவள் தங்கையின் மூத்த மகள். பதினாறு வயதுப் பெண். கால் மணி நேரம் சென்றது. தண்ணீர் விழும் சப்தம் கேட்டதே யொழிய, பெண்ணிடமிருந்து பதில் குரல் இல்லை. கதவை உடைத்துத் திறந்தபோது, அவள் சுவரில் சாய்ந்தபடி பிரக்ஞையின்றிக் கிடந்தாள். உடனே வெளிக் காற்றுக்குக் கொண்டு வந்து, ஆஸ்பத்திரியில் சேர்த்துப் பிராணவாயு கொடுத்த பின்னரே பிழைத்தாள்.

செய்தி அறிந்து ஓடிய என்னிடம் தங்கை கண்ணீருடன் சொன்னது இதுதான்: "காஸ் கசிந்தால் வாசனை தெரியும் என்றார்களே, அண்ணா! எங்களுக்கு ஒரு வாசனையும் தெரியவில்லையே!"

உண்மையில் அங்கே காஸ் கசியவே இல்லை. யந்திரமும் பழுதுபடவில்லை. எரிய வேண்டிய நெருப்பு எரிந்தது. எரியக் கூடாத இடத்தில் எரிந்தது. அவ்வளவே.

யந்திரத்தின் குணம்

1868-ஆம் ஆண்டில் லண்டன் நகரத்தைச் சேர்ந்த பெஞ்சமின் வாடி மாகன் என்பவர், காஸ் நெருப்பினால் நீரை அப்போதைக்கப்போது சுடவைக்கும் ஒரு கருவியை இயற்றினார். ஐஸ்லாந்துத் தீவில் பொங்கி எழும் வெந்நீர் ஊற்றின் பெயரையே அதற்கு இட்டார். அந்தக் 'கீஸர்' என்ற பெயர்தான் இன்று நம் வீடுகளிலும் வழங்குகிறது.

நம் வீடுகளில் காணும் சிறிய காஸ் கீஸரில் வெந்நீரைச் சேமிக்கும் தொட்டி கிடையாது. குழாயைத் திறந்தவுடன் உள்ளே பாயும் நீரின் அழுத்தம் ஒரு ரப்பர்ச் சவ்வைத் தள்ளுகிறது. சவ்வு காஸ் வரும் வழியைத் திறக்கிறது. அதே கணத்தில் பாட்டரியின் உதவியால் பொறி தெறித்து ஜ்வாலை பற்றுகிறது. ஜ்வாலைக்கு மேலே வளைந்து செல்லும் தாமிரக் குழாயில் ஓடும் நீர் சில விநாடிகளில் சூடாகிறது. குழாயை மூடினால் ஓட்டம் நிற்கும்; நெருப்பும் அணையும்.

இதை அறிந்து கொண்டால் கீஸரின் சேஷ்டைகளுக்கெல்லாம் காரணம் விளங்கிவிடும். முதலில் வருவது பச்சைத் தண்ணீர். குழாயில் தங்கியிருந்த நீர் அது. நீரைக் குறைத்தால் சூடு ஏறும். அதே நெருப்புக்குக் குறைந்த நீர் அகப்படுகிறது என்பதே காரணம். மேலும் குறைத்தாலோ, சவ்வைத் தள்ள அழுத்தம் போதாமல் நெருப்பு அணைந்துவிடும். மாடித் தொட்டி தாழ்வாக இருந்தாலும், பாட்டரி தளர்ந்தாலும், சிலிண்டர் காலியாகும் தறுவாயிலும் கீஸர் பற்றாமல் முரண்டு செய்யும். பற்றுவதற்குத் தாமதித்துப் 'பட்' என்று வெடிச் சப்தம் கேட்டால், காஸ் தேங்கிப் பின் பற்றுகிறது என்று அர்த்தம். அப்போது மீண்டும் மீண்டும் முயலாமல் நிறுத்திவிட்டு, தொழில் தெரிந்தவரை அழைப்பதே விவேகம். உப்புநீர் உள்ள ஊர்களில் தாமிரக் குழாயின் உள்ளே சுண்ணாம்பு படிந்து, நீரோட்டமும் சூடும் குறையும். அதையும் அவரே நீக்கித் தருவார்.

செலவைப் பார்த்தால் கீஸர் சிக்கனமானதுதான். 20 லிட்டர் கொண்ட ஒரு வாளி நீரை 20 டிகிரி அதிகமாகச் சுடவைக்கச் சுமார் 45 கிராம் காஸ் போதும். 14.2 கிலோ சிலிண்டரில் ஏறக்குறைய 300 வாளி வெந்நீர் கிடைக்கும். ஆயினும் நம் நாட்டில் செலவாகும் காஸில் பாதிக்கு மேல் அயல்நாட்டிலிருந்து கப்பலில் வருவது. வீணாக்க நமக்கு உரிமை இல்லை.

கண்ணுக்கும் மூக்குக்கும் தெரியாத பகைவன்

இனி முக்கியமான கணக்குக்கு வருவோம். நிமிஷத்துக்கு 6 லிட்டர் நீரைச் சுடவைக்கும் கீஸர், நிமிஷத்துக்குச் சுமார் 17 கிராம் காஸை எரிக்கிறது. சமையலறையில் நான்கைந்து பெரிய அடுப்புகளை ஒருங்கே மூட்டியதற்கு இது சமானம்! பத்து நிமிஷம் எரிந்தால், இரண்டு கன மீட்டருக்கு மேற்பட்ட காற்றிலுள்ள பிராணவாயு முழுவதையும் அது விழுங்கிவிடும். ஐந்தடி அகலமும் ஏழடி நீளமும் எட்டடி உயரமும் உள்ள ஸ்நான அறையில் மொத்தம் இருப்பதே எட்டுக் கன மீட்டர் காற்றுதான். கதவும் ஜன்னலும் சாத்தியிருந்தால் என்ன ஆகும்?

பிராணவாயு குறையக் குறைய, காஸ் அரைகுறையாக எரிந்து கார்பன் மானாக்ஸைடு என்னும் வாயு உண்டாகிறது. சிலிண்டரில் உள்ள காஸுக்கு இயற்கையில் மணம் இல்லை. கசிவு தெரிய வேண்டுமென்றே அதில் துர்நாற்றப் பொருளைக் கலக்கிறார்கள். எரிந்தபின் பிறக்கும் இந்த விஷ வாயுவுக்கோ மணமும் இல்லை, நிறமும் இல்லை. இரத்தத்திலுள்ள ஹீமோக்ளோபின், பிராணவாயுவைக் காட்டிலும் இருநூறு மடங்குக்கு மேல் ஆசையுடன் இதைப் பற்றிக் கொள்கிறது. மூச்சு விட்டுக் கொண்டிருக்கும்போதே உயிர் காற்றின்றித் தவிக்கிறது.

ஜான் ஸ்காட் ஹால்டேன் என்ற விஞ்ஞானி, சுரங்க வெடிகளில் மாண்டவர்களில் பலரைக் கொன்றது வெடி அல்ல, இந்த வாயுவே என்று 1890-களில் நிரூபித்தார். தம் உடம்பிலேயே இதைச் சோதித்தும் பார்த்தார். மனிதனுக்கு முன்னரே மயங்கி எச்சரிக்கும் சிறு பறவைகளைச் சுரங்கத்துக்குள் எடுத்துச் செல்லும்படி யோசனை கூறியவரும் அவரே. அவருடைய புதல்வர் ஜே. பி. எஸ். ஹால்டேனும் புகழ் பெற்ற விஞ்ஞானி. 1961-ல் பாரதப் பிரஜையாகி, 1964-ல் புவனேசுவரத்தில் காலமானார். தந்தையின் அரிய பாடத்தை நாம் இன்னும் ஏற்கவில்லை என்பதுதான் வருத்தம்.

செய்ய வேண்டியவை

நம் பாட்டிமார் வெந்நீர் அடுப்பைக் கொல்லைப்புறத்தில்தான் வைத்தார்கள். கரி படிந்த தவலையைக் கண்டு நாம் நகைத்தோம். ஆனால் அவர்கள் நெருப்பை ஒரு நாளும் மூடிய அறைக்குள் தங்களோடு வைத்துப் பூட்டிக் கொண்டதில்லை.

ஆகவே, முதல் விதி இது: கீஸர் ஸ்நான அறைக்கு வெளியே, காற்றோட்டமுள்ள தாழ்வாரத்திலோ திறந்த புறச்சுவரிலோ இருக்கட்டும்; வெந்நீர் மட்டும் குழாய் வழியே உள்ளே வரட்டும். வாங்கும்போது ஐ.எஸ்.ஐ. முத்திரையைப் பாருங்கள்.

வாடகை வீடு, மாற்ற இயலவில்லை என்போர், அதை மாற்றும் வரையிலேனும் கதவையும் ஜன்னலையும் திறந்து வைத்து வாளியை நிரப்பிக் கொள்ளுங்கள். கீஸரை நிறுத்தி, சிலிண்டரையும் மூடி, அறையில் புதுக் காற்று நிறைந்த பின் குளிக்கச் செல்லுங்கள். ஒருவர் பின் ஒருவராகத் தொடர்ந்து குளிப்பது மிகவும் ஆபத்து. மின்சார விசிறி இருக்கிறதே என்று நம்ப வேண்டாம். காற்று உள்ளே வர வழியில்லாத அறையில் விசிறியால் பயன் சொற்பம். ஜ்வாலை மஞ்சளாக நாக்கு நீட்டினாலோ, மேலே கரி படிந்தாலோ உபயோகத்தை நிறுத்துங்கள். நீலமாக எரிகிறதென்பதற்காக மூடிய அறையில் தைரியமும் கொள்ளாதீர்கள். விஷ வாயுவை உணர்ந்து ஒலி எழுப்பும் சிறு கருவிகள் கடைகளில் கிடைக்கின்றன. அவை வீட்டில் இருப்பது நலம்.

தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல், கால் தளர்ச்சி ஆகியவை முதல் அறிகுறிகள். அவை தோன்றினால் உடுத்துவதற்குக் கூடத் தாமதியாமல் கதவைத் திறந்து வெளியேற வேண்டும். மயங்கியவரை வெளிக் காற்றுக்குக் கொண்டு வந்து, 108-ஐ அழைத்து, 'காஸ் கீஸர்' என்று வைத்தியரிடம் தவறாமல் கூறுங்கள். அது தெரிந்தால் அவர் பிராணவாயு கொடுக்கத் தாமதியார்.

காஸ் நாற்றமே அடித்தால் அது வேறு விஷயம். இந்தக் காஸ் காற்றைவிடக் கனமானது, தரையோடு தேங்கும். மின்சார ஸ்விட்ச் எதையும் தொடாமல், சிலிண்டரை மூடி, கதவு ஜன்னல்களைத் திறந்து, வெளியே வந்து 1906 என்ற எண்ணுக்குச் சொல்லுங்கள்.

என் தங்கையின் வீட்டில் இப்போது கீஸர் பின்கட்டுத் தாழ்வாரத்தில் இருக்கிறது. குழாயை நீட்டி மாட்ட அரை நாள் வேலைதான் பிடித்தது. அடுத்த தீபாவளி வரையில் காத்திராமல், நேயர்கள் இன்றே தங்கள் ஸ்நான அறையை ஒரு தடவை நிமிர்ந்து பார்ப்பார்களாக!