அணியைச் சரமாக்குதல்

12, 3 என்னும் இரண்டு எண்களை இடைவெளியின்றி அடுத்தடுத்து எழுதுங்கள்; 123 வரும். இனி 1, 23 என்பவற்றையும் அவ்வாறே எழுதுங்கள். மீண்டும் 123 தான். அத்தாளை மற்றொருவரிடம் கொடுத்து, முதலில் இருந்த எண்கள் யாவை என வினவினால் அவர் என்ன விடை பகர்வார்? கணினிக்கும் இதே இடர்ப்பாடுதான்.

பல தரவுகளை வரிசையாக வைத்திருக்கும் அமைப்பைக் கணினி நூலார் அணி என்பர்; எழுத்துகள் தொடர்ந்து நிற்பதைச் சரம் என்பர். அணியின் உறுப்புகளைக் கோத்து ஒரே சரமாக்குதற்கு, நமது உயர்தர வகுப்பு மாணவர் பயிலும் பைதன் மொழியில் ஜொயின் என்றொரு செயல் உண்டு. (அம்மொழியிலே அணியின் இடத்தைப் பெரும்பாலும் பட்டியல் வகிக்கும்.) விந்தை என்னவெனில், அங்கே கட்டளையை ஏற்பது பட்டியலன்று, இடையில் வைக்கும் குறியே. காற்புள்ளியை முன்னே எழுதி, 'இவற்றைக் கோப்பாயாக' என்று அதனைப் பணிக்கிறோம்; நாரிடம் பூக்களை ஒப்படைப்பது போல. ஜாவாஸ்கிரிப்ட் மொழியிலோ அணியே கட்டளையை ஏற்கும். குறி எதுவெனச் சொல்லாது விட்டால் காற்புள்ளியைத் தானே இட்டுக்கொள்ளும். எண்களையும் முகஞ்சுளியாது ஏற்கும். பைதன் அத்தகையதன்று. எண் ஒன்று கலந்திருப்பினும் பிழையெனக் கூறி நின்றுவிடும். அதனை முதலிற் சரமாக மாற்றித் தரல் வேண்டும். மாணவர் இக்கண்டிப்பை வெறுப்பர். எனக்கோ அதுவே உவப்பு.

ஐந்து உறுப்புகளுக்கு நான்கு குறிகளே தேவை. தமிழில் எண்ணும்மை ஒவ்வொரு சொல்லின் பின்னும் வரும்: சேரனும் சோழனும் பாண்டியனும். காற்புள்ளியோ இடையில் மட்டுமே வரும். இதனை மறந்து உறுப்புதோறும் குறியை ஒட்டிச் செல்பவர், ஈற்றில் வாலொன்று தொங்கக் காண்பர்.

ஒருமுறை எமது பாடசாலையில் மாணவரின் பெயர், முகவரி, புள்ளி ஆகியவற்றைக் காற்புள்ளியாற் கோத்து அனுப்பினோம். ஒரு சிறுமியின் முகவரியிலே வீட்டிலக்கத்தின் பின் காற்புள்ளி ஒன்று இருந்தது. பிரித்தபோது அதுவும் எல்லையெனக் கொள்ளப்பட்டது. வீதியின் பெயர் புள்ளி நிரலில் விழ, அவள் பெற்ற 91 வெளியே தள்ளப்பட்டது. தெரிவுப் பட்டியலில் அவள் பெயர் இல்லை. மறுநாள் தந்தையார் வந்து அலுவலக வாயிலில் நின்ற பின்னரே விடயம் தெரிந்தது. பிழை கணினியினுடையதன்று, கோத்த எம்முடையதே. பட்டியல் திருத்தப்பட்டது.

அன்று முதல், காற்புள்ளி வரக்கூடிய உறுப்பை இரட்டை மேற்கோட்குறிக்குள் அடைத்த பின்னரே கோக்கிறோம். உறுப்பினுள்ளே அக்குறியே வருமாயின் அதனை இருமுறை இடுகிறோம்.