கேட்டபின் நிகழ்வது என்ன? வானொலி ஆய்வு தரும் பாடங்கள்

ஒரு வானொலி நிலையத்தின் ஆற்றலைக் கிலோவாட்டில் அளந்துவிடலாம். அதன் ஒலி எவ்வளவு பரப்பை எட்டுகிறது என்பதையும் பொறியாளர்கள் கணித்துக் கூறிவிடுவர். ஆனால் அவ்வொலியைக் கேட்டவர் யார், கேட்டவர் மனத்தில் தங்கியது எது, தங்கியது செயலாக மாறிற்றா என்னும் வினாக்களுக்கு ஒலிபரப்புக் கருவிகள் விடை தருவதில்லை. அவ்விடையைத் தேடும் முயற்சியாகவே வானொலி ஆய்வு என்னும் துறை வளர்ந்தது. வானொலிப் பெட்டியின் இடத்தைக் கைப்பேசியும், ஒலிபரப்பின் இடத்தில் ஒரு பகுதியை ‘வலையொலி’ எனப்படும் பாட்காஸ்ட்டும் பிடித்துள்ள இந்நாளில், அத்துறையின் பழைய வினாக்கள் மீண்டும் உயிர்பெற்றுள்ளன. வளர்ச்சிப் பணிகளுக்கு ஒலி ஊடகத்தைப் பயன்படுத்துவோர் இவ்வாய்வுகளின் முடிவுகளை அறிந்திருத்தல் அவசியமாகும்.

ஆய்வின் இரு வழிகள்

வானொலி கேட்போரை முறையாக ஆராயும் முயற்சி 1930களில் வலுப்பெற்றது. ஹேட்லி கேன்ட்ரில், கோர்டன் ஆல்போர்ட் என்னும் அமெரிக்க உளவியல் அறிஞர்கள் இருவரும் வானொலியின் உளவியல் பற்றிய தம் நூலை 1935இல் வெளியிட்டனர். 1937இல் ராக்ஃபெல்லர் அறக்கட்டளையின் நிதியுதவியுடன் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் வானொலி ஆய்வுத் திட்டம் ஒன்று தொடங்கப்பெற்றது. வியன்னாவிலிருந்து அமெரிக்கா சென்ற சமூகவியல் அறிஞர் பால் லாசர்ஸ்ஃபெல்ட் அதன் இயக்குநராகப் பொறுப்பேற்றார்.

லாசர்ஸ்ஃபெல்ட் 1941இல் எழுதிய கட்டுரையொன்றில் இத்துறை ஆய்வுகளை இரு வகையாகப் பிரித்தார். முதலாவது நிர்வாக ஆய்வு. நிகழ்ச்சியை எத்தனை பேர் கேட்கின்றனர், அவர்கள் எத்தகையோர், இன்னும் பலரை எட்டுவது எப்படி என்பன போன்ற, ஊடகத்தை நடத்துவோருக்குத் தேவையான வினாக்களுக்கு அது விடை காண்கிறது. இரண்டாவது விமரிசன ஆய்வு. ஊடகம் யார் கையில் உள்ளது, அதில் யாருடைய குரல் ஒலிக்கிறது, சமுதாயத்தின் மீது அது ஏற்படுத்தும் விளைவு யாது என்று அது கேட்கிறது. இவ்விரண்டில் ஒன்றை மட்டும் கொண்டு வளர்ச்சிக்கான ஒலிபரப்பை மதிப்பிட இயலாது என்பதை நம் நாட்டு அனுபவம் காட்டுகிறது.

பூனா சோதனை

இந்தியாவில் நடைபெற்ற வானொலி ஆய்வுகளுள் உலக அளவில் பெரிதும் எடுத்துக்காட்டப்படுவது, 1956ஆம் ஆண்டுப் பூனா சோதனையாகும். கனடாவில் 1941 முதல் பண்ணை வானொலி மன்றங்கள் இயங்கி வந்தன. அண்டை வீட்டார் ஓரிடத்தில் கூடி நிகழ்ச்சியைக் கேட்பர். கேட்டதைக் குறித்து விவாதிப்பர். தம் கருத்துகளை எழுதி அனுப்புவர். இம்முறை இந்தியக் கிராமங்களுக்குப் பொருந்துமா என்று அறிய, யுனெஸ்கோவின் ஒத்துழைப்புடன் அகில இந்திய வானொலி ஒரு திட்டம் வகுத்தது. அப்போதைய பம்பாய் மாநிலத்தின் 5 மாவட்டங்களில் 150 கிராமங்கள் தேர்ந்தெடுக்கப்பட்டன. 1956 பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை, வாரத்திற்கு இருமுறை, அரை மணி நேர நிகழ்ச்சிகள் 20 ஒலிபரப்பாயின. ஒவ்வொரு மன்றத்திலும் ஏறத்தாழ 20 பேர் உறுப்பினராயினர். மன்றத்தில் எழுந்த ஐயங்கள் நிலையத்திற்கு அனுப்பப்பட்டன. அவற்றுக்கான விடைகள் பின்வந்த நிகழ்ச்சிகளில் இடம்பெற்றன.

மதிப்பீட்டுப் பொறுப்பை டாட்டா சமூக அறிவியல் நிறுவனம் ஏற்றது. லாசர்ஸ்ஃபெல்டின் ஆய்வுமரபில் பயிற்சி பெற்ற சமூகவியல் அறிஞர் பால் நியூராத் அதற்குத் தலைமை தாங்கினார். அவரும், அப்போது அகில இந்திய வானொலியின் தலைமை இயக்குநராக இருந்த ஜகதீஷ் சந்திர மாத்தூரும் இணைந்து எழுதிய அறிக்கையை யுனெஸ்கோ 1959இல் வெளியிட்டது.

இவ்வாய்வின் சிறப்பு அதன் அமைப்பில் உள்ளது. மன்றம் அமைந்த கிராமங்களை மட்டும் ஆராய்ந்திருந்தால், ஏற்பட்ட முன்னேற்றம் வானொலியால் வந்ததா, மன்றத்தால் வந்ததா, வேறு காரணத்தால் வந்ததா என்று பிரித்தறிய முடியாது. எனவே மூவகைக் கிராமங்கள் ஒப்பிடப்பட்டன. முதல் வகையில் வானொலியும் மன்றமும் இருந்தன. இரண்டாம் வகையில் வானொலி உண்டு, மன்றம் இல்லை. மூன்றாம் வகையில் இரண்டும் இல்லை. ஒலிபரப்புக்கு முன்னரும் பின்னரும் கிராமத்தாரைப் பேட்டி கண்டு, நிகழ்ச்சிகளில் இடம்பெற்ற பொருள்களைப் பற்றி அவர்கள் அறிந்திருந்தவை மதிப்பிடப்பட்டன.

முடிவு தெளிவாக இருந்தது. மன்றம் அமைந்த கிராமங்களில் அறிவு பெரிதும் உயர்ந்தது. மன்றம் இல்லாத கிராமங்களில், வானொலிப் பெட்டி இருந்தபோதிலும், உயர்வு சொற்பமே. மன்றங்கள் வெறும் கேட்பவர் குழுக்களாக நின்றுவிடவில்லை என்பதையும் ஆய்வாளர் கண்டனர். பல கிராமங்களில் அவை பொதுக் காரியங்களைப் பற்றி முடிவெடுக்கும் அவைகளாக வளர்ந்தன. ஒலியைக் கொண்டுசேர்ப்பது பணியின் முற்பாதி மட்டுமே. கேட்டதைப் பற்றிக் கூடிப் பேசுவதும், எழுந்த ஐயத்திற்கு விடை பெறுவதும் அதன் பிற்பாதி என்பதை இம்முடிவு நிறுவியது.

பெருக்கமும் நலிவும்

சோதனையின் வெற்றியைத் தொடர்ந்து, 1959இல் கிராம வானொலி மன்றத் திட்டம் நாடெங்கும் விரிவாக்கப்பட்டது. சில ஆண்டுகளுக்குள் மன்றங்கள் ஆயிரக்கணக்கில் பெருகின. ஆயினும் 1970களில் இவ்வியக்கம் நலிவுற்றது. பழுதான பெட்டிகளைச் சீர்செய்வதில் தாமதம் ஏற்பட்டது. மன்றங்களை நேரில் கண்டு ஊக்குவிக்கும் களப்பணி தளர்ந்தது. அதே காலத்தில் மலிவான டிரான்சிஸ்டர்கள் பரவின. ஊர்ப் பொதுவிடத்தில் கூடிக் கேட்ட நிலை மாறி, அவரவர் வீட்டிலும் வயல்வரப்பிலும் தனித்துக் கேட்கும் நிலை வந்தது. வானொலிப் பெட்டிகளின் எண்ணிக்கை உயர்ந்தது. கூடிக் கேட்பது குறைந்தது. பெட்டிகளை மட்டும் எண்ணியவருக்கு இது வளர்ச்சியாகத் தோன்றியிருக்கும். பூனா ஆய்வைப் படித்தவருக்கோ இது கவலை தரும் மாற்றம்.

இதனால் தனித்துக் கேட்கும் வானொலி பயனற்றது என்று முடிவு செய்துவிடலாகாது. 1960களின் பிற்பகுதியில் தஞ்சை மாவட்டத்தில் ‘ஆடுதுறை 27’ என்னும் குறுகிய கால நெல் பரவியபோது, உழவர்கள் அதற்கு ‘ரேடியோ நெல்’ என்றே பெயரிட்டனர். திருச்சி வானொலியின் வேளாண் நிகழ்ச்சிகள் வாயிலாக அந்நெல்லைப் பற்றி அறிந்தமையே அப்பெயருக்குக் காரணம். ஆனால் அம்மாவட்டத்தில் 1960 முதலே தீவிர வேளாண்மை மாவட்டத் திட்டம் நடைபெற்று வந்ததை மறத்தல் கூடாது. விதையும் உரமும் கடனும் எட்டும் தொலைவில் இருந்தன. ஐயம் கேட்க வேளாண் அலுவலரும் இருந்தார். வானொலி சொன்ன சொல்லைச் செயலாக்கும் வசதி களத்தில் ஆயத்தமாக இருந்தமையால் அச்சொல் பலித்தது.

கேட்பவரே பேசுபவராதல்

விமரிசன ஆய்வு எழுப்பிய ‘யாருடைய குரல்’ என்னும் வினாவுக்கு நம் நாட்டில் நெடுங்காலம் இடமில்லாதிருந்தது. ஒலியலைகள் பொதுச் சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1995 பிப்ரவரியில் வழங்கிய தீர்ப்பு இந்நிலையை மாற்றியது. முதலில் கல்வி நிறுவனங்களுக்கு உரிமம் வழங்கப்பட்டது; அதன்படி சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தில் 2004இல் நாட்டின் முதல் வளாகச் சமுதாய வானொலி தொடங்கப்பெற்றது. 2006இல் வெளியான கொள்கை தன்னார்வ நிறுவனங்களுக்கும் வழி திறந்தது. நிகழ்ச்சிகளுள் குறைந்தது பாதியளவு உள்ளூர் மக்களின் பங்கேற்புடன் தயாரிக்கப்பட வேண்டும் என்பது அக்கொள்கையின் விதிகளுள் ஒன்று.

அக்கொள்கையின்கீழ் 2008 அக்டோபரில் தொடங்கப்பெற்ற நிலையங்களுள் முன்னோடியானது, அன்றைய மேடக் மாவட்டத்து மச்னூர் கிராமத்தின் சங்கம் வானொலி. தக்காண வளர்ச்சிச் சங்கத்துடன் இணைந்த தலித் பெண்கள் அதனை நடத்தத் தொடங்கினர். சிறுதானியச் சாகுபடி, விதைச் சேமிப்பு, உள்ளூர் வழக்காறுகள் ஆகியவற்றைத் தம் பேச்சுவழக்கிலேயே அவர்கள் ஒலிபரப்பினர். இத்தகைய நிலையத்தைக் கேட்போர் தொகையைக் கொண்டு மட்டும் அளப்பது பொருந்தாது. அதன் சிற்றாற்றல் ஒலிபரப்பி எட்டுவது சில கிலோமீட்டர் சுற்றளவையே. அப்பெண்கள் தம் அறிவைப் பிறர் மதிக்கும் அறிவாக முன்வைக்க முடிந்ததா என்பதும் அங்கே மதிப்பீட்டுக்குரிய வினாவாகும். வினோத் பாவராலா, காஞ்சன் மாலிக் இருவரும் 2007இல் வெளியிட்ட நூல், சமுதாய வானொலியை இந்நோக்கில் ஆராய்ந்தது. 2011இல் ஐதராபாத் பல்கலைக்கழகத்தில் அமைந்த யுனெஸ்கோ ஆய்விருக்கை, இந்நிலையங்கள் தம்மைத் தாமே மதிப்பிட்டுக்கொள்வதற்கான வழிமுறைகளையும் வகுத்தது.

தொலைபேசி வழியே ஒரு மன்றம்

வானொலிக்கும் வலையொலிக்கும் இடைப்பட்டதொரு முயற்சி குஜராத்தில் நடைபெற்றது. ‘அவாஜ் ஓட்லோ’ என்பது அதன் பெயர். ‘குரல் திண்ணை’ என்று பொருள் கொள்ளலாம். உழவர் தம் கைப்பேசியிலிருந்து ஓர் எண்ணை அழைத்து, ஐயத்தைத் தம் குரலிலேயே பதிவு செய்யலாம். பிறர் கேட்டவற்றையும் அவற்றின் விடைகளையும் செவிமடுக்கலாம். முன்பு ஒலிபரப்பான வேளாண் வானொலி நிகழ்ச்சிகளையும் விரும்பிய நேரத்தில் கேட்கலாம். எழுத்தறிவோ இணைய வசதியோ இதற்குத் தேவையில்லை. 51 உழவர்கள் 7 மாதங்கள் இதனைப் பயன்படுத்திய விதத்தை நீல் பட்டேலும் உடன் ஆய்வாளர்களும் ஆராய்ந்து 2010இல் வெளியிட்டனர். எல்லாவற்றிலும் மிகுதியாக விரும்பப்பட்டது, கேள்வியும் பதிலும் இடம்பெற்ற மன்றப் பகுதியே. பூனா சோதனைக்கு அரை நூற்றாண்டுக்குப் பின்னர், வேறொரு கருவியின் வழியே, ஏறத்தாழ அதே முடிவு மீண்டும் கிட்டியது.

இக்குழுவினர் பின்னர் நடத்திய மற்றொரு சோதனை ஆய்வு மாணவர் கருத்தில் கொள்ளத்தக்கது. ஒரே வேளாண் குறிப்பைப் பல்கலைக்கழக அறிவியலாளரும் சக உழவரும் தனித்தனியே குரல் கொடுத்துப் பதிவு செய்தனர். இத்தகைய 7 குறிப்புகளின் முற்பகுதி 305 உழவர்களுக்குத் தொலைபேசி வழி அனுப்பப்பட்டது. யார் குரல் யாருக்குச் செல்வது என்பது குலுக்கல் முறையில் தீர்மானிக்கப்பட்டது. எஞ்சிய பகுதியைக் கேட்க விரும்புவோர் தாமே அழைக்க வேண்டும். சக உழவரின் குரலைக் கேட்டவர்களே மிகுதியாக அழைத்தனர். ஆனால் நேரில் வினவியபோது, அறிவியலாளர் சொல்வதையே விரும்புவதாகப் பெரும்பாலோர் கூறினர். கேட்பவர் சொல்வதும் செய்வதும் ஒன்றாக இராமற்போகலாம் என்பதற்கு இது தக்க சான்று. வினாத்தாளை மட்டும் நம்பி நிகழ்ச்சிகளை மதிப்பிடுவோர் இதனை நினைவிற்கொள்ள வேண்டும்.

வலையொலியும் எண்ணிக்கையும்

பாட்காஸ்ட் என்னும் சொல்லைப் பிரிட்டிஷ் பத்திரிகையாளர் பென் ஹாமர்ஸ்லி 2004இல் முதன்முதலில் அச்சில் பயன்படுத்தினார். குறித்த நேரத்தில் ஒலிபரப்பாகும் வானொலியிலிருந்து அது இரு வகையில் வேறுபடுகிறது. கேட்பவர் தாம் விரும்பிய நேரத்தில் கேட்கலாம். அலைவரிசை உரிமம் இன்றி எவரும் வெளியிடலாம். பிரிட்டனின் ரிச்சர்ட் பெர்ரி 2006இல் எழுதிய கட்டுரை, இம்மாற்றத்தை ஆராய்ந்த தொடக்ககால ஆய்வுகளுள் ஒன்றாகும்.

ஒருகாலத்தில் நம் நாட்டில் வானொலிப் பெட்டிக்கு உரிமம் பெற வேண்டியிருந்தது. அவ்வுரிமங்களின் தொகை கேட்போர் தொகையை ஊகிப்பதற்கு ஓர் ஆதாரமாயிற்று. இன்று அவ்விடத்தில் வலையொலியின் பதிவிறக்கத் தொகை நிற்கிறது. துறையில் ஏற்கப்பட்டுள்ள அளவுகோலின்படி, ஒரு நிமிட ஒலிக்குரிய கோப்பு இறங்கினாலே அது ஒரு பதிவிறக்கமாகக் கணக்கிடப்படும். இறங்கிய கோப்பு கேட்கப்பட்டதா என்பது அதனால் விளங்குவதில்லை. 2023 செப்டம்பரில் ஆப்பிள் நிறுவனம் தன் கைப்பேசி மென்பொருளைப் புதுப்பித்தபோது, நெடுநாள் கேளாதிருந்த தொடர்கள் தாமாகவே இறங்கும் முறையை மாற்றியது. அதன் விளைவாகப் பல வலையொலிகளின் பதிவிறக்கத் தொகை வீழ்ந்தது. கேட்டவர் குறையவில்லை, எவரும் கேளாத கோப்புகளே கணக்கிலிருந்து நீங்கின.

டிரான்சிஸ்டர் தொடங்கிய தனித்துக் கேட்கும் பழக்கத்தைக் காதொலிப்பான் முற்றுவித்துள்ளது எனலாம். வலையொலியில் கேட்கும் உழவரோ மாணவரோ தமக்கு எழும் ஐயத்தை யாரிடம் கேட்பது? கேட்டால் விடை வருமா? இவ்வினாக்களுக்கு வழிசெய்யாமல் வெளியிடப்படும் வளர்ச்சி நிகழ்ச்சி, பூனா ஆய்வின் இரண்டாம் வகைக் கிராமத்தின் நிலையிலேயே நிற்கும்: பெட்டி உண்டு, மன்றம் இல்லை.

அலுவலர் கவனத்திற்கு

ஒலி ஊடகத் திட்டம் எதனையும் வகுக்கும்போது மூன்று ஏற்பாடுகளை முன்கூட்டியே செய்துகொள்வது நலம். முதலாவதாக, நிகழ்ச்சி தொடங்குமுன்பே கேட்போரின் நிலையைப் பதிவு செய்து, நிகழ்ச்சி சென்றடையாத ஒப்பீட்டுப் பகுதியையும் குறித்துக்கொள்ள வேண்டும். பணி முடிந்தபின் இதனைச் செய்ய இயலாது. இரண்டாவதாக, கேட்போரின் வினாக்களைப் பெறவும், குறித்த நாள்களுக்குள் விடையளிக்கவும் பொறுப்பான அலுவலர் ஒருவர் வேண்டும்; இதற்கான செலவு திட்ட மதிப்பீட்டிலேயே இடம்பெற வேண்டும். மூன்றாவதாக, மகளிர் குழுக்கள், உழவர் சங்கங்கள், கல்லூரி மன்றங்கள் போன்று ஏற்கெனவே கூடிப் பேசும் அமைப்புகளோடு நிகழ்ச்சியை இணைக்க வேண்டும்.

இவற்றிற்கு அரிய தொழில்நுட்பம் எதுவும் தேவையில்லை. 1956இல் ஓர் அஞ்சலட்டையும் ஒரு மன்றச் செயலாளரும் செய்த பணியை இன்று ஒரு தொலைபேசி எண்ணும் பொறுப்புள்ள ஓர் அலுவலரும் செய்துவிடலாம். நாடு முழுவதும் ஏறத்தாழ 500 சமுதாய வானொலி நிலையங்கள் இயங்கும் இக்காலத்தில், அவற்றுக்கு அருகிலுள்ள பல்கலைக்கழக ஆய்வுத் துறைகள் இம்மூவகை ஒப்பீட்டை உள்ளூர் அளவில் நடத்திப் பார்க்கலாம். முதுகலை மாணவர் ஓராண்டுக் காலத்தில் முடிக்கத்தக்க பணியே அது.