மெழுகின் சூட்டைக் கம்ப்யூட்டர் கவனிக்குமா?

கம்ப்யூட்டர் வாங்கிய புதிதில் எல்லோரும் என்ன செய்கிறோம்? பாட்டுக் கேட்கிறோம். படம் பார்க்கிறோம். கொஞ்சம் கேம் ஆடுகிறோம். அதே கம்ப்யூட்டரை வைத்து அடுப்பின் மேல் உள்ள ஒரு டப்பாவின் சூட்டை அளக்கலாம், சூடு கூடினால் அடுப்பைத் தானே அணைக்கவும் வைக்கலாம் என்றால் நம்புவீர்களா? முடியும். ஆனால் புரோகிராமில் ஒரு வரி விட்டுப்போனால், அதே ஏற்பாடு அடுப்பை அணைக்கவே அணைக்காது. இரண்டையும் என் வீட்டுச் சமையலறையிலேயே பார்த்துவிட்டேன்.

எனக்கு எலெக்ட்ரிக் கிதார் வாசிக்கும் பழக்கம் உண்டு. அதன் கம்பிகளுக்குக் கீழே பிக்கப் என்று ஒரு சிறு பாகம் இருக்கும். உள்ளே காந்தத் துண்டுகள். அவற்றைச் சுற்றித் தலைமுடியைப் போன்ற தாமிரக் கம்பி ஏறத்தாழ 8,000 சுற்று. மேலே இரும்புக் கம்பி அதிரும்போது காந்தப்புலம் மாறுகிறது, காயிலில் மிகச் சிறிய மின்னழுத்தம் பிறக்கிறது. ஆம்ப்ளிஃபயர் அதைப் பெரிதாக்குகிறது. பள்ளியில் படித்த ஃபாரடே விதிதான்.

இதை நானே செய்து பார்க்க ஆசைப்பட்டேன். ரிச்சி தெருவில் 42 கேஜ் கம்பி கேட்டு வாங்கி வந்து ஏமாந்தது தனிக்கதை. பிக்கப் செய்பவர்கள் சொல்வது அமெரிக்கக் கணக்கில் 42, அதாவது 0.063 மி.மீ. நம் ஊர்க் கடைகளில் புழங்கும் பிரிட்டிஷ் கணக்கில் 42 என்றால் 0.1 மி.மீ. நாம் கேட்க வேண்டியது 46.

மெழுகு எதற்கு?

கையால் சுற்றிய காயிலில் கம்பிகள் முழுக்க இறுகி உட்காராது. ஆம்ப்ளிஃபயர் சத்தம் கூடும்போது தளர்ந்த சுற்றுகளும் சேர்ந்து அதிரும். அந்த அதிர்வே மறுபடி சத்தமாகி ஸ்பீக்கரில் வரும், அது மறுபடி காயிலை அதிர வைக்கும். முடிவில் காதைக் கிழிக்கும் 'கீ' என்ற ஊளை. இதைத் தடுக்க, காயிலை உருகிய மெழுகில் ஊற வைப்பார்கள். மெழுகு சுற்றுகளுக்கு இடையே புகுந்து, ஆறியதும் கம்பிகளைப் பிடித்துக்கொள்ளும். அமெரிக்க கிதார் கலைஞர் எடி வான் ஹேலன் இப்படித் தன் கிதாரின் பிக்கப்பைத் தானே பாரஃபினில் தோய்த்து ஊளையை அடக்கியவர்.

பாரஃபின் மெழுகு நான்கு பங்கு, தேன்மெழுகு ஒரு பங்கு என்பது பலரும் பயன்படுத்தும் கலவை. பாரஃபின் மட்டும் என்றால் ஆறியதும் நொறுங்கும். தேன்மெழுகு அதைக் கொஞ்சம் வளையும்படி வைக்கிறது.

எத்தனை டிகிரி?

சிக்கல் இங்கேதான். தேன்மெழுகு 62 முதல் 64 டிகிரியில் உருகும். கலவை நன்றாக இளகி ஓடினால்தான் காயிலின் உள்சுற்று வரை போகும். மறுபக்கம், கம்பி சுற்றியிருக்கும் பாபின் பிளாஸ்டிக். சூடு ஏற ஏற அது இளகி வளையும். காயில் இறுக்கமாகச் சுற்றப்பட்டிருப்பதால் இளகிய பாபினை அதுவே நெளித்துவிடும். ஆகவே 62க்கும் 66க்கும் நடுவே நிற்க வேண்டும். நான்கே டிகிரிதான் இடம். (3டி பிரிண்டரில் பி.எல்.ஏ. பிளாஸ்டிக்கில் அச்சடித்த பாபின் வைத்திருந்தால் இந்த வேலையே வேண்டாம். அது 60 டிகிரியிலேயே இளகும்.)

மெழுகை நேரடியாக அடுப்பில் வைக்கவே கூடாது. மெழுகு டப்பாவைத் தண்ணீர்ப் பாத்திரத்துக்குள் வைத்துத்தான் சூடாக்க வேண்டும். தண்ணீர் 100 டிகிரிக்கு மேல் போகாது என்பதால், தண்ணீர் இருக்கும் வரை மெழுகு தீப்பிடிக்கும் சூட்டுக்குப் போக வழியில்லை. ஆனால் 100 டிகிரி என்பது வீட்டுக்குத்தான் பாதுகாப்பு. பாபினுக்கு அல்ல. எனவே அளந்து, கட்டுப்படுத்தியாக வேண்டும்.

கம்ப்யூட்டரை இணைப்போம்

இதற்குத் தேவை மூன்று பொருள்கள். முதலாவது ஆர்டுயினோ போர்டு. விசிட்டிங் கார்டை விடச் சிறியது. யு.எஸ்.பி. வயர் மூலம் கம்ப்யூட்டரில் செருகலாம். இரண்டாவது, டிஎஸ்18பி20 என்ற வெப்ப சென்சார். ஸ்டீல் குழாய்க்குள் அடைத்த, நீர் புகாத வகையைக் கேட்டு வாங்குங்கள். மைனஸ் 10 முதல் 85 டிகிரி வரை அரை டிகிரிக்கு மேல் பிசகாது. மூன்றாவது, 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்று. இதை சென்சாரின் டேட்டா வயருக்கும் 5 வோல்ட் வயருக்கும் நடுவே இணைக்க வேண்டும்.

ஆர்டுயினோ சாஃப்ட்வேர் இலவசம். அதில் டல்லாஸ் டெம்பரேச்சர் என்ற லைப்ரரியைச் சேர்த்து, அதனுடன் வரும் எளிய மாதிரி புரோகிராமைத் திறந்து, போர்டில் ஏற்றுங்கள். டூல்ஸ் மெனுவில் சீரியல் மானிட்டரைக் கிளிக் செய்தால் டிகிரி எண்கள் வரிசையாக ஓடும். எண்களுக்குப் பதில் கண்டபடி குறிகள் தெரிகிறதா? பயப்படாதீர்கள். புரோகிராமில் 9600 என்று இருந்தால் மானிட்டரிலும் 9600 என்று தேர்ந்தெடுங்கள். சரியாகிவிடும். ஓடிய எண்களை அப்படியே காப்பி செய்து எக்செலில் பேஸ்ட் செய்து லைன் சார்ட் போட்டால், மெழுகு சூடேறிய கதை முழுதும் ஒரே கோட்டில் தெரியும்.

சென்சார் முனை டப்பாவின் அடியைத் தொடக் கூடாது. நடு மெழுகில் தொங்க வேண்டும்.

அணைத்த பிறகும் ஏறும் சூடு

என் அடுப்பு 1000 வாட் ஹாட் பிளேட். ரிலே ஒன்றின் வழியாக அதை ஆர்டுயினோவுடன் இணைத்தேன். (இண்டக்‌ஷன் அடுப்பு இதற்கு ஆகாது. மின்சாரம் போய் வந்தால் அது தானாகத் தொடங்காது, பட்டனை அழுத்த வேண்டும்.) முதல் புரோகிராம் மிக எளிது: 63க்குக் கீழே இருந்தால் அடுப்பைப் போடு, 63ஐத் தொட்டால் அணை. வெறும் மெழுகை வைத்துச் சோதித்தேன். 63இல் ரிலே 'டக்' என்று அணைந்தது. சூடு மட்டும் 64, 66, 69 என்று ஏறி 71இல்தான் நின்றது. அடுப்புத் தட்டும் தண்ணீரும் ஏற்கெனவே வாங்கி வைத்த சூட்டை மெழுகுக்குக் கொடுத்துக்கொண்டே இருந்தன.

ஆகவே புரோகிராமை மாற்றினேன். 58 வரை முழுச் சூடு. அதற்கு மேல் ஒரு நிமிடத்துக்கு 10 நொடி மட்டும் அடுப்பு எரியும். 63இல் முழுக்க நிற்கும். இப்போது எக்செல் கோடு 62க்கும் 64க்கும் நடுவே அழகாக நெளிந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. அடுத்த ஞாயிறு இரண்டு மாலைகள் உட்கார்ந்து சுற்றிய காயிலை மெழுகில் இறக்கினேன்.

மைனஸ் 127

காயிலிலிருந்து சின்னச் சின்னக் குமிழிகள் வந்துகொண்டிருந்தன. உள்ளே உள்ள காற்று வெளியேறுகிறது, அந்த இடத்தில் மெழுகு புகுகிறது என்று அர்த்தம். அந்த நேரம் அலுவலகத்திலிருந்து போன். புரோகிராம்தான் பார்த்துக்கொள்கிறதே என்று பால்கனிக்குப் போய்விட்டேன். இருபது நிமிடம் கழித்து அம்மாவின் குரல்: "என்னடா இது, தண்ணி தளதளன்னு கொதிக்குது?"

ஓடிப்போய் ப்ளக்கைப் பிடுங்கினேன். பாபினின் மேல்தட்டு பூப்போல விரிந்திருந்தது. மீட்டரில் வைத்துப் பார்த்தால் இணைப்பே இல்லை. 8,000 சுற்றும் வீண்.

காரணத்தைச் சொன்னது கம்ப்யூட்டரில் பதிவான எண்கள்தான். 62.9, 63.1, 62.8, பிறகு திடீரென்று மைனஸ் 127. அதற்குப் பிறகு ஆயிரத்துச் சொச்சம் வரிகளும் மைனஸ் 127. சென்சார் வயர் கழன்றுவிட்டால் அந்த லைப்ரரி தரும் எண் அது. வயர் இல்லை என்று நமக்குச் சொல்லும் அடையாளம். என் புரோகிராமோ அதைச் சூடு என்று எடுத்துக்கொண்டது. மைனஸ் 127 என்பது 58ஐ விடக் குறைவுதானே? மெழுகு பனிக்கட்டியை விடக் குளிர்ந்துபோய்விட்டது என்று அடுப்பை முழு வேகத்தில் எரிய விட்டது. நான் எழுதியதை எழுதியபடியே செய்திருக்கிறது. தண்ணீர்ப் பாத்திரம் மட்டும் இல்லாவிட்டால் அன்று போயிருப்பது பிக்கப் மட்டுமல்ல. தண்ணீரும் வற்றியிருந்தால் என்பதை இப்போதும் நினைக்கப் பிடிக்கவில்லை.

இதே சென்சார் இன்னொரு வேடிக்கையும் செய்யும். மின்சாரம் வந்த கணத்தில், அளக்கத் தொடங்கும் முன், 85 என்று சொல்லும். அதை நம்பினால் அடுப்பு அணையும். ஆபத்தில்லை. ஆனால் சார்ட்டில் திடீர் கோபுரங்கள் தெரிந்தால் குழம்ப வேண்டாம், வயர் தளர்ந்திருக்கிறது என்று பொருள்.

இப்போது என் புரோகிராமில் முதலில் வருவது சந்தேகம். வந்த எண் 10க்குக் கீழே அல்லது 80க்கு மேலே இருந்தால் அடுப்பை அணை, நான் பட்டனை அழுத்தும் வரை திரும்பப் போடாதே. அடுத்து, சென்சார் மெழுகிலிருந்து நழுவி வெளியே தொங்கினால் 32 டிகிரி என்று நம்பும்படியான எண்ணே வரும். அதற்கு ஒரு விதி: அடுப்பு ஐந்து நிமிடம் முழு வேகத்தில் எரிந்தும் ஒரு டிகிரிகூட ஏறாவிட்டால் அணை. கட்டி மெழுகு உருகும் நேரத்தில் சூடு ஒரே இடத்தில் நிற்கும் என்பதால், முதலில் பக்கத்தில் நின்று மெழுகை உருக்கிவிட்டுத்தான் புரோகிராமிடம் ஒப்படைக்கிறேன். இந்த முடிவுகள் எல்லாம் போர்டுக்குள்ளேயே நடக்கின்றன. வீட்டுக் கம்ப்யூட்டர் நடுவில் தூங்கப் போகலாம், அப்டேட் ஆகி ரீஸ்டார்ட் ஆகலாம். அதன் கையில் அடுப்பைக் கொடுக்கக் கூடாது.

நீங்கள் செய்வதானால்

230 வோல்ட் வயரிங் பழக்கம் இல்லாதவர்கள் ரிலே பக்கம் போக வேண்டாம். சென்சாரை மட்டும் இணையுங்கள். 63 வந்ததும், வராத எண் வந்தாலும், போர்டில் ஒரு சிறு பஸ்ஸர் ஒலிக்கும்படி வையுங்கள். ஸ்விட்சை உங்கள் கையால் அணையுங்கள். 20 நிமிட வேலைதான், எழுந்து போகாதீர்கள். ஒருவேளை மெழுகு தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றவே கூடாது, தீ சீறி எழும். மூடியால் மூடி, மின்சாரத்தை நிறுத்துங்கள்.

குமிழி நின்றதும் காயிலை எடுத்து, மேல் மெழுகைத் துணியால் துடைத்து ஆற விடுங்கள். ஆம்ப்ளிஃபயரில் இணைத்து நகத்தால் பிக்கப்பைத் தட்டிப் பாருங்கள். மெழுகு சரியாகப் புகுந்திருந்தால் முன்பு 'டொக்' என்று பெரிதாகக் கேட்டது இப்போது மந்தமாகக் கேட்கும். எனது மூன்றாவது பிக்கப் 6.1 கிலோ ஓம் காட்டுகிறது. ஆம்ப்ளிஃபயரை எவ்வளவு திருப்பினாலும் ஊளை இல்லை. பக்கத்து வீட்டிலிருந்துதான் சத்தம் வருகிறது.